சோத்தாங்கைப் பக்கம்

மகன், மருமகள், பேத்தி, நான். நாலு பேரும் புது பிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தோம். மருமகள் பாலை மேல்தட்டிலும் காயைக் கீழேயும் அடுக்கினாள். பேத்தி பாலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"சொல்லாம மாத்தாத சாமி."

"பாலுதானுங்க தாத்தா, எங்கயும் ஓடிராது" என்று சிரித்தாள்.

ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் தறிக்குழிதான் குளிர்ச்சியான இடம். அப்பா கால் வைக்கும் குழியில், அவருக்குச் சோத்தாங்கைப் பக்கம் பழைய சோறு ஊறும் நீச்சத்தண்ணிப் பானை இருக்கும். பீச்சாங்கைப் பக்கம் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சிப் பானை. "சோத்தாங்கைப் பக்கம்தான் சோறு" என்று அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

உலகச் சண்டை நடந்த காலம். நூல் வரவில்லை, தறி நின்றுவிட்டது. நூல் வரும்வரை பாவுக்கஞ்சி கெடாமல் இருக்க அப்பா மயில்துத்தத்தை அள்ளிப் போட்டிருந்தார். அது விஷம்.

ஒரு மத்தியானம் சோத்துப்பானைமேல் ஜன்னல் வெயில் விழுந்தது. புளித்துப்போகுமே என்று இரண்டு பானைகளையும் இடம் மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. தம்பி பசியோடு வந்து, சோத்தாங்கைப் பக்கத்துப் பானையில் மொண்டு குடித்தான்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதும் பானைகளைப் பழையபடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் வாந்தி எடுத்துச் செத்துப்போனான்.

"சோத்தாங்கை எதுன்னு தெரியாத பையனுங்க" என்று வந்தவர்களிடம் எல்லாம் அப்பா சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவனுக்கு நன்றாகத் தெரியும். வயது ஐந்து.