பக்கத்து ஊர் ஊதிய சங்கு

அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் சூறாவளி வந்தால் ஊர்ச் சங்கு அலறும். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த ஆர்டித் என்ற பெண் பொத்தானை அழுத்தினால் வானொலி அலை போய் அதை ஊதவைக்கும். அந்தக் கோடையில் ஒரு நண்பகல், வானம் பளிச்சென்று இருக்கும்போதே, அவள் தொடாமலே சங்கு அலறியது. சோளக்கொல்லையில் நின்ற நாங்கள் நிலவறைக்கு ஓடினோம்.

விசாரித்தால், பக்கத்து ஊர்ச் சங்குக்கும் அதே அலைவரிசையாம்; அவர்கள் சோதித்துப் பார்த்ததில் எங்களுடையது அலறியிருக்கிறது. ஆர்டித் அந்த ஊர் நிலையத்தைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"உங்க சோதனைக்கு எங்க ஊர் ஜனம் ஓடி ஒளியணுமா?"

"மன்னிச்சுக்கங்க," என்றான் அங்கே வேலை பார்த்த ஆர்லோ. "உங்க சங்கு நல்லா ஊதுச்சா?"

"காது கிழிஞ்சிடுச்சு!"

"குடுத்து வச்சவங்க. எங்களுது முனகக்கூட இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் அவன் கூப்பிட்டுச் சொல்வான். பேச்சு மழை, மாடு என்று நீளும்.

அடுத்த வசந்தத்தில் அலைவரிசையைப் பிரித்துவிட்டார்கள். இனி அவன் கூப்பிட வேலையில்லை என்று ஆர்டித்தின் முகம் வாடியது. ஆனால் அந்த வாரமே மணி அடித்தது.

"இன்னைக்கு எங்க சோதனைக்கு உங்க சங்கு ஊதுச்சா?"

"இல்லையே."

"அப்ப இனிமே நேர்ல வந்து சொன்னாத்தான் உண்டு."

சனிக்கிழமையே வந்துவிட்டான். அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு ஊர்த் தீயணைப்பு வண்டிகளும் தேவாலய வாசலில் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.