கள்ளிப்பாலும் ஓரகத்தியின் கண்ணாடியும்

அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் கத்தரித் தோட்டத்தைச் சுற்றித் திருகுகள்ளி வேலி. மழை முடிந்ததும் அதன் தலையை வெட்டிவிட வேண்டும். விட்டால் மேலே வளர்ந்து, அடியில் ஆடு நுழையச் சந்து விழுந்துவிடும். வெட்டுகிற இடத்திலெல்லாம் பால் தெறிக்கும். அது கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் நாங்கள் முந்தானையை முக்காடாகப் போட்டு, புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியேதான் வெட்டுவோம்.

உலகச் சண்டை நடந்த சமயம். என் கொழுந்தன் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். லீவில் வந்தபோது தூசிக்குப் போடுகிற கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். கண்ணைச் சுற்றி ரப்பர், தலைக்குப் பின்னால் பட்டை.

"வேலி வெட்டும்போது போட்டுக்கங்க, மதினி" என்று என்னிடம்தான் நீட்டினான். நான் கை நீட்டுவதற்குள் மாமியார் அதை வாங்கி அவன் பெண்டாட்டியிடம், என் ஓரகத்தியிடம், கொடுத்துவிட்டார்.

"பால் குடுக்குறவ. அவ கண்ணுக்கு ஒண்ணுன்னா பிள்ளைய யாரு பாக்குறது? ஒனக்கென்ன, கையில பிள்ளையா, இடுப்புல பிள்ளையா?"

மூத்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பல வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. இளையவள் வந்த மறு வருஷமே ஆண் பிள்ளை பெற்றாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

கொழுந்தன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போன பிறகு நாங்கள் இருவரும் வேலி வெட்டப் போனோம். புங்கமரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கள்ளிக்கு நேராக முகத்தை வைத்துச் சடசடவென்று வெட்டினாள். நான் கோழி மாதிரிக் கழுத்தை ஒடித்துக்கொண்டு வெட்டினேன். கிணற்றடியில் இருந்த மாமியார், "பாரு, சின்னவ எம்புட்டு வெட்டிட்டா" என்றார். கண்ணாடி போட்டால் எருமைகூட வெட்டும்.

பிள்ளை அழுதது. இளையவள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நான் பால் குடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் நீங்க போட்டுக்கங்கக்கா."

"ஒம் புருசன் கொண்டாந்தது. நீயே வச்சுக்க. எனக்கு முந்தானை இருக்கு."

"போட்டா தலையவா முழுங்கிரும்?"

"போ, பிள்ள கத்துது."

அவள் போனாள். நான் ஆத்திரத்தோடு வெட்டினேன். வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. முந்தானையை இழுத்துத் துடைத்தேன். காலையிலிருந்து தெறித்த பாலெல்லாம் அந்தத் துணியில்தான் ஊறிக் கிடந்தது.

வலது கண்ணில் நெருப்பை அள்ளி வைத்த மாதிரி இருந்தது. கத்திக்கொண்டே கீழே விழுந்தேன். மாமியார் ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். எரிச்சல் அடங்கவில்லை. "தாய்ப்பால் விடணும், இல்லாட்டி கண்ணு தங்காது" என்றார். அப்போது எங்கள் பக்கம் அதுதான் வைத்தியம்.

இளையவள் என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணத் தெறங்கக்கா."

"வேற யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஊருக்குள்ள போயி ஆள் தேடுறதுக்குள்ள கண்ணு போயிரும். தெறங்க."

விரலால் இமையை விலக்கிப் பாலைப் பீய்ச்சினாள். வெதுவெதுப்பாக இறங்கியது. எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. எனக்கு அழுகை வந்தது. வலியால் மட்டும் இல்லை. அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் பால் சுரந்தது. என் கண்ணுக்கும் அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. மாமியார், "பிள்ளைக்கு மிச்சம் வையி, ரெம்ப விடாத" என்றார்.

அதன் பிறகு காலையும் மாலையும் வந்தாள். அவள் கால் சத்தத்துக்காக நான் காத்துக் கிடந்தேன். அதுதான் எல்லாவற்றையும் விடக் கேவலமாக இருந்தது. முதலில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு நாள் அவள் முகம் புகைக்குள் தெரிவது போலத் தெரிந்தது.

"தெரியுதாக்கா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாத் தெரியுது. இனி வராத" என்றேன்.

நல்லாத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்தக் கண்ணுக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், ஊசி கோக்க வராது. இன்னும் கொஞ்ச நாள் பால் விட்டிருந்தால் முழுசும் தெளிந்திருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். அவள் மடியில் இன்னொரு தடவை தலை வைக்க என்னால் முடியவில்லை.