பத்து நிமிஷம் முந்திய சர்வர்

செல்வியை வேலையிலிருந்து நிறுத்தி இன்றோடு பதினோரு நாள்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டைப் பெருக்கித் துடைத்தவர். வண்டலூரிலிருந்து ட்ரெயினில் வருவார். ஏழு மணிக்குள் கைரேகை மெஷினில் விரல் வைக்க வேண்டும். மூன்று நாள் லேட் என்றால் ஆள் அனுப்பும் ஏஜென்சி அவரை மாற்றிவிடும். மற்ற வேலையாட்களுக்குப் பக்கத்துத் தெரு, ஆறரைக்கே வந்துவிடுவார்கள்.

அசோசியேஷன் செக்ரட்டரி நான்தான். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது எனக்கு. எங்கள் மாடிப்படி ஐம்பத்து நாலு, பூந்தொட்டி பதினேழு. செல்வி கேட்டுக்குள் நுழைவது ஆறு ஐம்பத்தைந்து — பால்கனியில் நின்று தினமும் பார்த்திருக்கிறேன்.

மெஷினிலோ ஏழு ஐந்து. மூன்று நாளும்!

"ஸ்டேஷன்லேர்ந்து ஓடியாறேன் சார். உங்க மெஷினு இன்னா, எனக்கு முன்னாடி ஓடிக்கினு கீதா?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன். என் கண்ணை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை நம்பினேன்... படித்தவன் இல்லையா?

அவர் போன மறுவாரம், கைரேகை மெஷினுக்கு மணி கொடுக்கும் சர்வரைப் பார்க்க டெக்னீஷியன் வந்தார்.

"பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது சார். நெட்லேர்ந்து தானா டைம் எடுத்துக்கும், அதை ஆஃப் பண்ணிட்டு யாரோ கையால செட் பண்ணியிருக்காங்க."

யாரோ இல்லை. நான்தான். அந்த மூன்று நாளுக்கு முந்தின ராத்திரி கரன்ட் போய் வந்தபோது சர்வரில் ஏதோ பழைய தேதி. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே திருத்தினேன்.

அந்தக் கடிகாரம்? ஆபீஸ் ட்ரெயினைத் தவறவிடக் கூடாது என்று எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருப்பேன். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கடிகாரமும் அப்படித்தானே? பார்க்கும்போது மனசு கழித்துக்கொள்ளும். அன்று டைப் அடித்த விரல் கழிக்கவில்லை.

ஏஜென்சி சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"வேற ஆள் போட்டாச்சே சார். சிஸ்டத்துல லேட்னா லேட்தான்."

சிஸ்டம் நான்தானப்பா என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். சிரித்தார். வைத்துவிட்டார்.

செல்விக்கு நான்கு முறை அடித்தேன். ஐந்தாவதில் எடுத்தார். பின்னால் பஸ் இரைச்சல்.

"தப்பு என்னோடதும்மா. சர்வர் டைமைச் சரி பண்ணிட்டேன்."



"பல்லாவரத்துல வேலை கேட்டு வந்துகீறேன் சார். ஒம்போதுக்குள்ள வரச் சொன்னாங்கோ. இப்ப மணி இன்னா? உங்க மணி வேணாம்... நெஜ மணி சொல்லு சார்."

கையில் கடிகாரம் இருந்தது. சொல்லத் தைரியம்தான் இல்லை.