ஆவி மீ சூப் குடித்த சனிக்கிழமை

விக்னேஸ்வரிக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அந்தக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது ஜப்பானைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அவளிடம்தான் வருவார்கள். அங்கே பேய்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையும் என்பது அவள் சொல்லித்தான் தோட்டத்துக்குத் தெரியும். சொன்னது சரியா என்று யாரும் சோதித்ததில்லை. ஜப்பான் தூரம், விக்னேஸ்வரி பக்கம்.

தேயிலை ஆலையின் பேக்கிங் பகுதியில் நீளமேசை ஒன்று உண்டு. அதைச் சுற்றி உட்கார்ந்து பெட்டியை மடித்து, பொட்டலத்தை உள்ளே வைத்து, மூடி ஒட்டுவது அவளுக்கும் இன்னும் சில பெண்களுக்கும் வேலை. கைக்கு வேலை உண்டு, வாய்க்குக் கிடையாது. அந்தக் காலியிடத்தை ஒரு காலத்தில் மருமகள்கள் பற்றிய வம்பு நிரப்பியது. அப்புறம் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் வந்தது.

கொண்டு வந்தவன் எல்வின். விக்னேஸ்வரிக்குப் பக்கத்து நாற்காலி மேவிஸின் மகன். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை. அவன் ஒரு சனிக்கிழமை தன் லேப்டாப்பைத் தோட்டத்து மண்டபத்து டிவியில் மாட்டி, பனிமலையில் தபால் கொண்டுபோகும் ஒரு பையனின் கதையைப் போட்டான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பேசுவது ஜப்பான் மொழி. கீழே ஓடுவது மலாய் எழுத்து, அதுவும் எறும்பு வரிசை மாதிரி. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் பாதிப்பேர். கொண்டுவந்தும் எட்டாதவர்கள் மீதிப்பேர். விக்னேஸ்வரிதான் டிவிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுத்தைப் படித்துப் படித்துத் தமிழில் உரக்கச் சொன்னாள். பையன் ஒன்று பேசுவான், மலாய் இன்னொன்று காட்டும், விக்னேஸ்வரி மூன்றாவதாக ஒன்று சொல்வாள். கூட்டம் அந்த மூன்றாவதைக் கேட்டுத்தான் அழும்.

அந்தக் கதையில் கோவேறு கழுதை ஓட்டுகிற ஆள் ஒருவன் இருந்தான். ஒரு கண் கிடையாது. எல்லோரையும் திட்டுவான், எந்நேரமும் சாப்பிடுவான், ஆபத்தென்றால் முதலில் வந்து நிற்பான். மேசையில் மூத்தவளான மாரியம்மாவுக்கு அவன்மேல் உயிர். அவனுக்கு ஜப்பான்காரர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, தோட்டத்தில் அவன் 'ஒத்தக்கண்ணன்'.

முதல் சீசன் முடிந்த விதத்தைத் தோட்டம் மன்னிக்கவில்லை. தொங்குபாலம் அறுகிறது, பையன் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான், ஒத்தக்கண்ணன் கையை நீட்டுகிறான், எட்டவில்லை. அவ்வளவுதான். அடுத்த சீசன் விரைவில் என்று போட்டார்கள். ஜப்பானில் 'விரைவில்' என்பது எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியவில்லை.

தினமும் மேசையில் அதே கேள்வி. "விக்கி, அந்தப் பையன் இன்னும் தொங்கிக்கிட்டேவா இருக்கான்?"

ஒருநாள் மழை. தேநீர் ஆறிப்போயிருந்தது. மாரியம்மா எட்டாவது தடவையோ என்னவோ கேட்டபோது விக்னேஸ்வரி, "இல்லக்கா, விழுந்துட்டான். புது சீசன் வந்திருச்சு. போன்ல மட்டும்தான் வருது, தண்ணித்தொட்டி பக்கம் நின்னாத்தான் லைன் கெடைக்கும்" என்றாள். ஒரு வாக்கியத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். விழுந்தவன் ஆற்றில் விழுந்தான், ஆறு அவனை அரக்கர் ஊருக்குக் கொண்டுபோனது, அந்த ஊரில் ஒரு துரை இருந்தார். சாயங்காலச் சங்கு ஊதும்போது கதை எங்கேயோ போயிருந்தது.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அரக்கர் ஊர் ஆபீஸில் கணக்கு எழுத ஒரு கிராணி வந்தான். தாமதமாக வந்த அரக்கர்களுக்கு அரைநாள் சம்பளம் வெட்டினான். பையனுக்குக் காய்ச்சல் கண்டது. மிளகு தட்டிப்போட்ட ரசம் குடித்துத் தேறினான். அவள் புருஷன் யோகேந்திரனின் முட்டைக்கோசு லோரி கோலா தெர்லா வளைவில் சாய்ந்த அதே வாரம், பனிமலைப் பாதையிலும் ஒரு முட்டைக்கோசு லோரி சாய்ந்து, தபால் மூன்று நாள் தாமதமானது. ஜப்பான் இவ்வளவு கிட்டே வந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை என்பது விக்னேஸ்வரியின் நம்பிக்கை.

மேற்பார்வையாளர் கருப்பையா மட்டும் கவனித்தார். சட்டையில் சூப்பர்வைசர் என்று தைத்திருந்தாலும் தோட்டத்துக்கு அவர் கங்காணிதான். சண்டைக் காட்சி வரும் நாளில் பெட்டிகள் பறப்பதும், காதல் காட்சி வரும் நாளில் படுத்துக்கொள்வதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பெரிய ஆர்டர் வந்தால் காலையிலேயே மேசைப் பக்கம் வந்து, கூரையைப் பார்த்தபடி, "இன்னிக்கு கொஞ்சம் சண்ட இருந்தா நல்லாருக்கும்" என்பார். அன்றைக்குச் சண்டை இருக்கும். விக்னேஸ்வரிக்கு அதில் எதுவும் விசித்திரமாகப் படவில்லை.

படாததற்குக் காரணம், கதையே அவளை இழுத்துக்கொண்டு போனதுதான். ஒரு தீபாவளிக்கு முதல்நாள் யோகேந்திரன் கம்போங் ராஜாவிலிருந்து ஆட்டிறைச்சி வாங்கி வர மறந்துவிட்டான். வீட்டில் கோழியை வைத்துச் சமாளித்தாள், கோபத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. மறுவாரம் மேசையில் ஒத்தக்கண்ணன் பனிச்சரிவில் புதைந்து செத்தான். யாராவது சாகவேண்டியிருந்தது, அவன் கிட்டத்தில் நின்றான். மாரியம்மா அன்று மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னாள். ஆட்டிறைச்சிக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கக்கூடாது என்று விக்னேஸ்வரிக்கு அப்போதே தோன்றியது. ஆனால் செத்தவன் செத்தவன்தான்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை மேவிஸ் பெட்டியை மடித்துக்கொண்டே, "எல்வின் சொன்னான். நம்ம தபால்காரன் ரெண்டாவது சீசன், டிவிக்கும் இப்ப வருதாம். சனிக்கிழமை மண்டபத்துல மொத எபிசோட் போடுறானாம்" என்றாள்.

"நல்லதுலா" என்றாள் விக்னேஸ்வரி. கையிலிருந்த பெட்டி தலைகீழாக ஒட்டிக்கொண்டது.

சாயங்காலமே தண்ணீர்த்தொட்டிக்குப் போனாள். உண்மைதான். படம் திறந்தது, வளையம் சுற்ற ஆரம்பித்தது. நகரவில்லை. நின்றுபோன அந்த முதல் காட்சியில், முகம் நிறையச் சிரிப்போடு ஒத்தக்கண்ணன் இருந்தான். வளையம் அவனுடைய நல்ல கண்ணின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து யோகேந்திரனிடம் சொன்னாள்.

"நெசத்தச் சொல்லிட்டுப் போயேன்லா" என்றான் அவன், சோற்றிலிருந்து கையை எடுக்காமல்.

"சொல்லிட்டு? அப்புறம் அந்த மேசையில நான் வாயத் தொறந்தா எவ கேப்பா? தண்ணி கொதிக்குதுன்னு சொன்னாக்கூட வெரல வுட்டுப் பாப்பாளுங்க."

"அப்ப பொய்யாவே படி. அந்த எழுத்து ஓடுற ஓட்டத்துக்கு யாரு கண்டுபுடிக்கப் போறா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன யோசனை ஒன்று அவளுக்குப் பிடித்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மாரியம்மா முன்வரிசையில், தலைக்குத் துண்டு கட்டி, பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். கருப்பையா கதவோரம், உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. எல்வின் வயரை மாட்டிவிட்டு, கடையில் சுற்றுலாக்காரர் கூட்டம் என்று ஓடிவிட்டான். மலாய் எழுத்தை எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டதில் விக்னேஸ்வரிக்குப் பாதி மூச்சு திரும்பியது. டிவிக்கு அருகே தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பாலம். கயிறு. தொங்கும் பையன். மேலிருந்து ஒரு கை நீண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. பையன் ஆற்றிலும் விழவில்லை, எந்த ஊருக்கும் போகவில்லை.

"ஏய், ஒத்தக்கண்ணன்!" மாரியம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"அது அவன் ஆவிதான்க்கா" என்றாள் விக்னேஸ்வரி, எழுத்தைப் பார்க்காமலே. "செத்தும் காப்பாத்த வந்திருக்கு. ஆத்துல வுழுந்ததெல்லாம் முன்னால நடந்தது, இது பின்னால நடக்குறது."

மண்டபம் அதை விழுங்கியது. சிலர் உச்சுக்கொட்டினார்கள். விக்னேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த காட்சி ஒரு சத்திரம். ஆவி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. பெரிய கிண்ணத்தில் சுடச்சுட நூடுல்ஸ் வந்தது, தோட்டத்துப் பேச்சில் மீ சூப். அது குனிந்து, கடைசி மேசைவரை கேட்கிறமாதிரி உறிஞ்சியது.

"விக்கி," என்றாள் மாரியம்மா, "ஆவி மீ சூப் குடிக்குதே?"

"ஜப்பான்ல ஆவிக்கும் பசிக்கும்க்கா."

ஆவி இரண்டாவது கிண்ணம் கேட்டது. பிறகு சத்திரக்காரனைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தது.

"இப்ப என்னாவாம்?" என்று கதவோரத்திலிருந்து கருப்பையா குரல் கொடுத்தார்.

"சூடு பத்தலையாம்."

"ஆவிக்கா?"

யாரோ சிரித்தார்கள். சத்திரக்காரனின் சின்ன மகள் ஓடிவந்து ஆவியின் தோளில் ஏறிக்கொண்டாள். கனமான பிள்ளை. ஆவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியது. இடுப்புவலியுள்ள ஆவியை எப்படி விளக்குவது என்று யோசித்தபடி விக்னேஸ்வரி பக்கவாட்டில் மாரியம்மாவைப் பார்த்தாள்.

மாரியம்மா அவளைப் பார்க்கவே இல்லை. பிஸ்கட் டப்பா மடியில் திறந்து கிடந்தது. சொல்லாமல் போன ஆள் திடீரென்று வாசலில் வந்து நின்றால் பார்ப்பதுபோல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் பையன் ஏதோ கேட்டான். ஒத்தக்கண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னான். எழுத்து ஓடியது. விக்னேஸ்வரி படித்தாள். வேறு ஏதாவது சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

"நான் எங்கடா போயிட்டேன், இங்கதான இருக்கேன்னு சொல்றான்" என்றாள்.

அப்புறம் முடிகிறவரை கீழே என்ன ஓடியதோ அதையே படித்தாள். அவள் இதுவரை செய்ததிலேயே சலிப்பான வேலை அதுதான்.

விளக்குப் போட்டதும் யாரும் எழுந்து போகவில்லை. முதல் எபிசோடைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லாமல் மண்டபத்தைப் பூட்டுகிற வழக்கம் கிடையாது. விக்னேஸ்வரி நாற்காலியை மடிக்கும் சாக்கில் குனிந்து நின்றாள்.

"பனி நல்லா வரைஞ்சிருக்கான்" என்றாள் மேவிஸ். "ஆனா எல்லாரும் ஒல்லியா போயிட்டாங்க."

"சண்டையே இல்ல" என்றார் கருப்பையா. "இத வச்சுக்கிட்டு எத்தன பொட்டி ஓடும்?"

மாரியம்மா டப்பாவை மூடினாள். "படம் அழகாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கிராணியக் காணமே? அரநாள் சம்பளம் வெட்டுனானே, அவன் வந்தாத்தான கதை. சப்பான்காரனுக்கு அது தோணல பாத்தியா?"

மண்டபம் சிரித்தது. விக்னேஸ்வரியின் காது சூடானது.

"எப்பலேருந்துக்கா தெரியும்?"

"முட்டக்கோசு லோரி சாஞ்சப்பவே. சப்பான் மலையில ஏதுடி முட்டக்கோசு லோரி? அது உன் வூட்டுக்காரன் லோரி."

பின்வரிசையில் யோகேந்திரன் மின்விசிறியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். கேமரன் மலைக் குளிரில் மின்விசிறிக்கு அவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை.

"எல்வின் அப்பவே சொல்லிட்டான், புது சீசன் ஒன்னும் வரலன்னு" என்றாள் மேவிஸ்.

"பாவி, ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திருப்ப. அப்புறம் நாங்க பொட்டியையா பாத்துக்கிட்டு இருக்கிறது?"

மாரியம்மா எழுந்து வந்தாள். சிரிப்பில்லை. "ஒன்னு மட்டும் கேக்குறேன். அவன ஏன் கொன்ன?"

விக்னேஸ்வரி யோகேந்திரனைப் பார்த்தாள். ஆட்டிறைச்சி விஷயம் ஊர்நடுவில் சொல்லத்தக்கதல்ல. "கதை அப்படிப் போயிருச்சுக்கா."

"போனா திருப்பிக் கொண்டா. அந்தாளு இப்ப உசுரோட மீ சூப் குடிக்கிறத இந்தக் கண்ணால பாத்துட்டேன். திங்கக்கெழம அவன் வரணும்."

"செத்தவன எப்படிக்கா எழுப்புறது?"

"கொல்லத் தெரிஞ்சுச்சில்ல?"

பொய் பிடிபட்டால் மேசையில் இடம் போய்விடும் என்று பயந்து வந்தவளுக்கு, அதைவிடப் பெரிய வேலை ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க விக்னேஸ்வரி துணியை அலசினாள், காயப்போட்டாள், மழைக்கு எடுத்தாள், மறுபடி போட்டாள். ஒத்தக்கண்ணன் பனிக்கடியிலேயே கிடந்தான். பனியைக் கரைத்துப் பார்த்தாள், அவன் அழுகிப்போயிருந்தான். கனவு என்று வைத்துப் பார்த்தாள். பையன் ஆற்றில் விழுந்ததிலிருந்து நடந்ததெல்லாம் கனவாகிவிடும், கிராணி உட்பட. கிராணியை இழக்க அவளுக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலை மேசை வழக்கத்துக்கு முன்பே நிறைந்துவிட்டது. கருப்பையா தராசின் பின்னால் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் மெதுவாக மடிந்தன.

"ம்" என்றாள் மாரியம்மா.

விக்னேஸ்வரி ஒரு பெட்டியை ஒட்டி முடித்தாள். "பனியில செத்தது ஒத்தக்கண்ணன் இல்ல" என்றாள். "அவன் தம்பி. ரெட்டப் புள்ளைங்க."

மேசை முழுக்க ஒரு முனகல் ஓடியது.

"இதுக்கு அந்த ஆவியே தேவலாம்லா" என்றாள் மேவிஸ்.

"சும்மா இருங்கடி." மாரியம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். யோசித்தாள். "ரெட்டப் புள்ளைங்கன்னா, ரெண்டு பேருக்குமா ஒத்தக் கண்ணு?"

விக்னேஸ்வரி அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். "மூத்தவனுக்கு எடது கண்ணு இல்ல. எளையவனுக்கு வலது."

மாரியம்மா இடது கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"சரி, மேல சொல்லு."