அத்தையின் அரைமணி நேரம்

எங்கள் அத்தை தையல்காரி. ஒரு காலத்தில் அவருடைய மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நூல் கோக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ துணிக்கு அடியில் செல்போனை வைத்துப் பணம் கட்டி ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். விட்டதைப் பிடிக்கிறேன் என்று வளையலையும் விட்டார். ஒருநாள் அவரே மாமாவிடம், "என்னால நிறுத்த முடியலைங்க, யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போங்க," என்றார். மாமா ஆலோசகரிடம் கூட்டிப்போனார். ஆட்டத்தை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் எனக்குக் கொழுப்பு. 'உங்களுக்கு இலவச ஆட்டம் காத்திருக்கிறது' என்று நண்பனின் எண்ணிலிருந்து அத்தைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அவர் முழிப்பதைப் பார்க்க அவருடைய தையல் கடையில் போய் உட்கார்ந்தேன்.

படித்ததும் அத்தையின் முகம் வெளுத்தது. போனை ஒளித்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லாரும் பார்க்க மேசைமேல் வைத்தார். அளவு கொடுக்க வந்தவர் முன்னாலேயே என்னிடம் சொன்னார்: "டேய், ஆடச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. கை துறுதுறுங்குது. எங்கயும் போகாத."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். "அத்தை, அனுப்பினது நான்தான்."

"நாசமாப் போறவனே!" முதுகில் ஒன்று வைத்தார். "யார் அனுப்பினா என்ன, ஆசை வந்திருச்சே. அடங்க அரைமணி ஆகும், அதுவரைக்கும் யார்கூடவாவது பேசிட்டே இருங்கன்னு ஆலோசகரம்மா சொல்லியிருக்காங்க. ஊசியை எடு, பேசு."

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே வாய்க்கு வந்ததை உளறினேன். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் பசை தடவியது யார் என்பதுகூட வெளியே வந்துவிட்டது. அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அரைமணி ஆனதும் போனை எடுத்துச் செய்தியை அழித்தார். பிறகு நான் கோணல்மாணலாகத் தைத்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.