மாஸ்டருக்குத் தெரியாத பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். எனக்கு ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. நாள் முழுக்க இரத்த மாதிரிகளைப் பார்த்து, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதுவதுதான் என் தொழில். பதினெட்டு வருடமாக அதையே செய்கிறவளுக்கு இந்தக் கதைகளில் எப்படி நம்பிக்கை வரும்? நீங்கள் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

வேலைக்கு வெளியே எனக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று படம் எடுப்பது, மற்றது பாட்டுக் கேட்பது. எனக்குப் பாட வராது. இரண்டு வரி முணுமுணுத்தாலே சுருதி எங்கேயோ போய்விடும், என் கணவர் ரமணன் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் வாசிக்கிறவர்களின் முகத்தைப் படம் எடுப்பதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நல்ல இடம் வரும்போது அவர்கள் முகத்தில் ஒன்று வந்து போகுமே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவு பாரமான கமராவையும் தூக்கிக்கொண்டு சனி ஞாயிறுகளில் அலைகிறேன். அரங்கேற்றம், கோயில் கச்சேரி, பள்ளிக்கூட விழா எதுவானாலும் கூப்பிட்டால் போவேன்.

அப்படித்தான் ஷீலா கூப்பிட்டாள். ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிறவள், மன்னார்ப் பிள்ளை. அவளுடைய அப்பா அருளப்பு மாஸ்டர் வயலின் படிப்பிக்கிறவர், தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கும் வாசிப்பார். சர்க்கரை வருத்தத்தால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னரே இரண்டு கண்ணும் போய்விட்டது. அவருக்கு எழுபது வயது வருகிறது, வயலினோடு நல்ல படம் ஒன்று எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டாள். நான் உடனே ஓம் என்றேன்.

அது நவம்பர் மாதம், இந்தக் குளிர் நாட்டில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற காலம், ஒரு சனிக்கிழமை. வெளிச்சம் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு மணிக்கே சட்டன் என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும். ஷீலா கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியிலேயே நின்றாள்.

"அக்கா, நான் கேக் ஓடர் குடுத்திட்டு அப்பாவின்ர மருந்தும் எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள்ள வந்திடுவன். அப்பா எல்லாம் தடவித் தடவிச் செய்வார், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"வாங்கோ பிள்ளை, ரெண்டு பேரும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ."

ஷீலா இன்னும் போகவில்லை என்று நினைத்துவிட்டார் போல, என்று நான் எண்ணினேன். வந்ததும் வராததுமாக அவரைத் திருத்த மனம் வரவில்லை.

மாஸ்டர் மெலிந்த, உயர்ந்த மனிதர். துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. என்னைச் சன்னலடிச் சோபாவில் இருக்கச் சொல்லிவிட்டு, தானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்தார், ஒரு துளி சிந்தவில்லை. தட்டத்தில் மூன்று கோப்பை இருந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, மற்றது ஷீலாவுக்கு என்று அதையும் நான் விட்டுவிட்டேன்.

சன்னலால் வந்த வெளிச்சம் அருமையாக இருந்தது. அவரைக் கதிரையில் இருத்தி, வயலினைத் தோளில் வைக்கச் சொல்லிப் படம் எடுக்கத் தொடங்கினேன். ஒரேயொரு கரைச்சல்தான். கண் தெரியாதவர்கள் சத்தம் வருகிற பக்கம்தான் முகத்தைத் திருப்புவார்கள், அதனால் நான் பேசிக்கொண்டே எடுத்தேன், அப்போது கமராவைப் பார்ப்பது போல வரும். மாஸ்டரோ ஒவ்வொரு தடவையும் எனக்குச் சற்று இடப்பக்கமாக, வெறுமனே கிடந்த சோபாவின் மறு பாதியைப் பார்த்தார். "மாஸ்டர், என்ர குரல் பக்கம் திரும்புங்கோ," என்று சொன்னால் திரும்புவார், அடுத்த நிமிடம் மறுபடி அங்கேதான் போவார். அதோடு ஒரு சிரிப்பும், வீட்டுக்கு வந்த பெரியவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல ஒரு மரியாதையான சிரிப்பு.

பிறகு வாசிக்கச் சொன்னேன். முதலில் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று உருப்படிகள் வாசித்தார். அதன் பிறகு ஒன்று தொடங்கினார் பாருங்கள், நம்பினால் நம்புங்கள், இத்தனை வருடம் கேட்ட சங்கீதத்தில் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மெதுவான பாட்டு. ஒரு வரியை எடுப்பார், நிற்பார், எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போலத் தலையைச் சாய்ப்பார், பிறகு அடுத்த வரிக்குப் போவார். படம் எடுப்பதை விட்டுவிட்டு, எனக்கென்று வைத்திருக்கலாம் என்று கமராவை வீடியோவுக்கு மாற்றி, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நிமிடம் இருக்கும்.

வாசித்து முடிந்ததும் கேட்டேன், "மாஸ்டர், இது என்ன பாட்டு? நான் ஒருநாளும் கேட்டதில்லை."

அவர் சிரித்தார். "அதை உங்கட அம்மாட்டத்தான் கேக்கோணும். எனக்கும் தெரியாது பிள்ளை. அவா முணுமுணுக்கிறா, நான் அவாவுக்குப் பின்னால போறன். நல்ல ஞானம் உள்ள மனுசி. வந்ததில இருந்து தொடையில தாளம் போட்டுக்கொண்டெல்லோ இருக்கிறா."

எனக்கு விளங்கவில்லை. "எந்த அம்மா, மாஸ்டர்?"

"உங்களோட வந்தவா. உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறா. தேத்தண்ணியைத் தொடேல்லைப் போல கிடக்கு, சீனி போடாமல் வேணுமோ எண்டு கேளுங்கோவன்."

"நான் தனியத்தான் வந்தனான் மாஸ்டர். என்ர அம்மா கனடாவில இருக்கிறா, காலமைதான் கதைச்சனான்."

அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனதை நான் பார்த்தேன். முகங்களைப் பார்ப்பதுதானே என் பைத்தியம் என்று சொன்னேன், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. வில் வயலினில் உரசிக் கிறீச்சிட்டது. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பிள்ளை, பகிடி விடாதேங்கோ. இப்பவும் உங்கட இடப்பக்கத்தில மூச்சு விடுறா. எனக்குக் கேக்குது."

நான் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல வேண்டியவள், கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தேன். அந்தப் பக்கத்துக் கை முழுதும் குளிர்ந்து விறைத்துவிட்டது. எழும்பி ஓடிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் கமராப் பையை இழுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் மாஸ்டர் கையை நீட்டிக் காற்றில் என்னைத் தேடினார்.

"என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதேங்கோ பிள்ளை. ஷீலா வரும்வரைக்கும் எண்டாலும் இருங்கோ. எனக்குக் கண் தெரியாது."

அந்தக் கையை உதறிவிட்டு எப்படிப் போவது? போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போது நேரம் மூன்றரை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைட் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, பத்து அடிகூட இல்லை, ஆனால் சோபாவைக் கடந்துதான் போக வேண்டும். நான் போகவில்லை.

மாஸ்டர் வாய்க்குள் செபம் சொல்லத் தொடங்கினார். நடுவில் சட்டென்று நிறுத்தி, "எழும்பிட்டா," என்றார். சோபாவைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சிறிது நேரம் கழித்து, "சன்னலடியில நிக்கிறா," என்றார். சன்னலடியில் திரைச்சீலையும் ஹீட்டரும்தான். மறுபடியும் தொடங்கிய செபம் பாதியில் நின்றது. என் கையை நோகும்படி இறுக்கிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்: "எனக்குப் பின்னால."

அவர் திரும்பிப் பார்த்துப் பயனில்லை, நான்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். சுவரும் மடு மாதா படமும் இருந்தன, வேறு எதுவும் இல்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவில் சாவி திரும்பியது. ஷீலா உள்ளே வந்து லைட்டைப் போட்டாள்.

"என்னப்பா, ரெண்டு பேரும் இருட்டுக்குள்ள நிக்கிறீங்கள்?"

மாஸ்டர் என் கையை விட்டுவிட்டுக் கோப்பைகளைத் தடவி எடுக்கத் தொடங்கினார். நான் கமராவைப் பைக்குள் வைத்தேன். மகள் பயந்துவிடுவாள் என்று அவர் மறைத்திருக்கலாம், நான் ஏன் மறைத்தேன் என்றே தெரியவில்லை. மூன்றாவது கோப்பை ஆடை படர்ந்து ஆறிப்போய் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மாஸ்டர் கதவுவரை வந்தார். ஷீலாவுக்குக் கேட்காமல், "மாஸ்டர், இப்ப எங்க நிக்கிறா?" என்று கேட்டேன். அவர் முகத்தை மட்டும் மெல்லத் திருப்பினார், என் இடது தோளுக்கு நேராக. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வீடு இருக்கிற மிச்சம் என்ற ஊர் வரும்வரை பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் சாரதிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் ரமணன் எல்லாவற்றையும் கேட்டார். "வயசு போன மனுசன், சர்க்கரை இறங்கியிருக்கும், மேல் வீட்டுச் சத்தம் கேட்டிருக்கும்," என்றார். அதைத்தான் நானும் நம்ப விரும்பினேன். கமராவை எடுத்து இருவருமாகப் படங்களைப் பார்த்தோம். எல்லாம் சாதாரணமான படங்கள். பிறகு ஹெட்போனைப் போட்டு வீடியோவைக் கேட்டேன்.

முதலில் வயலின் மட்டும்தான் கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். அதற்கு அடியில், கமராவுக்கு மிகக் கிட்ட, கையால் துணியில் மெத்தென்று தட்டுகிற தாளம். அதற்கும் அடியில் முணுமுணுப்பு. ஒவ்வொரு வரியும் முணுமுணுப்பில் முதலில் வருகிறது, அரை நொடி கழித்துத்தான் வயலினில் வருகிறது. ஹெட்போனைக் கழற்றி ரமணனிடம் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார், பிறகு ஆறுதலாகச் சிரித்தார்.

"இதுக்கோ இவ்வளவு பயந்தனீர்? இது நீரெல்லோ. உம்மட குரல் எனக்குத் தெரியாதே? ஆனால் சுருதி விலகாமல் எப்பப் பாடப் பழகினனீர்?"

நான் வாயே திறக்கவில்லை. அதை எப்படிச் சத்தியம் பண்ணிச் சொல்லியும் அவர் நம்பவில்லை. மறுபடியும் கேட்டேன். அவர் சொன்னது சரி. அது என் குரல்தான். எனக்குத் தெரியாத பாட்டை, எனக்கு வராத சுருதியில், என் குரல் பாடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அதை அழித்துவிட்டேன். நல்ல படங்களாக ஆறு தெரிவு செய்து ஷீலாவுக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மாஸ்டர் தானே தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, வயலினைத் தொட்டால் கை அந்தப் பாட்டுக்குத்தான் போகுது. வேற ஒண்டும் வாசிக்க ஏலாமல் கிடக்கு. பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டன்," என்றார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவருடைய பிறந்தநாளுக்கும் நான் போகவில்லை, சளிக்காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படமும் எடுக்கிறேன். போன சனிக்கிழமை பின்னேரம் குசினியில் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரமணன் மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று படிக்கட்டில் இருந்து கத்தினார்.

"திரும்பவும் அந்தப் பாட்டோ? காணும், நிப்பாட்டும்!"

என் வாய் நிறையத் தண்ணீர். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே நின்றேன். மேலே இருந்து அவர் மறுபடியும் கத்தினார், "நிப்பாட்டும் எண்டெல்லோ சொன்னனான்!"