நான்காவது கோடு

துபாயில் கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பராமரிக்கும் வேலையில் இருந்த சித்தப்பா, ஒரு விடுப்பில் வந்தபோது எங்களுக்கும் அந்த விளையாட்டைச் சொல்லித்தரக் கிளம்பினார். உடன்குடிக்கு வெளியே தேரியின் செம்மணலில் புல் ஏது? காலிப் பால்பவுடர் டப்பாவைப் புதைத்தால் அதுதான் குழி. பனைமட்டைதான் கோல். பந்து மட்டும் அவர் பெட்டியில் வந்த அசல் பந்து.

குழி ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு கோடு என்றார். ஒவ்வொருவரையும் அடிக்கவிட்டுப் பார்த்து, அவரவர் பலத்துக்கு ஏற்பச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். அவருடையது தூரத்தில், அண்ணனுடையது அதற்கு முன்னால், ஏழு வயதுக்காரியான எனக்கு இன்னும் கிட்டத்தில். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

பிறகு குழியிலிருந்து இரண்டே அடி தள்ளி நான்காவதாக ஒரு கோடு போட்டார். யாருக்கு என்று கேட்டோம்.

"அவளுக்கு" என்றார்.

அவள் முறை வந்தால் அந்தக் கோட்டில் ஒரு பந்தை வைத்துவிட்டு, மூவரும் கோட்டை ஒட்டியே குழிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். "பாத்துக்கிட்டே நின்னா அவளுக்கு அடிக்க வராதுட்டி" என்பார். பட்டப்பகல்தான். ஆனாலும் பின்னால் யாரோ மணலில் கால் மாற்றி நிற்பது போலிருக்கும். திரும்பினால் பந்து வைத்த இடத்திலேயே இருக்கும். "சரி, அடுத்த தடவ அடிப்பா" என்று சித்தப்பா அதை எடுத்துக்கொள்வார்.

அந்த விடுப்பின் கடைசி ஆட்டத்தில் அண்ணனின் பந்து டப்பாவின் வாயருகே போய் நின்றது. அடுத்த முறை தொட்டாலே விழுந்துவிடும். அந்த மாதம் முழுக்க அவனே ஜெயித்திருந்தான். இன்னொரு முறை அவன் பீற்றிக்கொள்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதற்குள் அவள் முறை வந்தது. மூவரும் திரும்பி நின்றோம். நான் குதிகாலால் அவள் பந்தைப் பின்னால் தட்டினேன். டப்பாவுக்குள் ணங்கென்று சத்தம் கேட்டது.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினான். சித்தப்பா டப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அடிச்சிட்டாள்லா" என்று அதனுள்ளே பார்த்துப் பையச் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். திட்டுவாரோ என்று பயந்து, கிடந்த பனைமட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அதற்கு மூன்று வருடம் முன்பு துபாயில் சித்திக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து நாலே நாளில் இறந்துவிட்டது என்பது, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வீட்டில் யாரும் அதைப் பிள்ளைகள் காதில் போடவில்லை.

அடுத்த வருடமும் சித்தப்பா வந்து கோடு போட்டார். அண்ணன் வர மறுத்துவிட்டான். என்னை அடிக்கவிட்டுப் பார்த்து என் கோட்டைப் பின்னால் தள்ளினார். பிறகு நான்காவது கோட்டையும் காலால் அளந்து ஓரடி தள்ளிப் போட்டார். என் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டார், குதிகாலால் தட்டினால் குழிக்கு எட்டாதபடி வைக்கிறார் என்று நினைத்து வெட்கத்தில் கூனிக்குறுகி நின்றேன். அவளுக்கும் ஒரு வயது கூடியிருந்தது எனக்குத் தெரியாது.